இன்னும் ஒரு கரண்டி

இராயப்பேட்டைவாசிகளுக்கு ஒரு பெருமை உண்டு. சமுத்திரம் தங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். மணிக்கூண்டிலிருந்து கிழக்கு நோக்கி நடக்க ஆரம்பித்தால், அரைமணி நேரத்தில் கடற்கரை மணல் காலில் படும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் இந்தப் பெருமையைப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் சமுத்திரத்தைப் பார்த்து ஆறு மாதமாவது ஆகியிருக்கும். கொல்லையில் நிற்கும் எலுமிச்சை மரத்தை வீட்டுக்காரன் எங்கே பார்க்கிறான்? வெளியூர் விருந்தாளி ஒருவர் வந்து, "அடடே, காய்த்துத் தொங்குகிறதே!" என்று சொன்னால்தான் அவன் கண்ணில் படுகிறது.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தார். அவர் என் மனைவியின் தமையனார். கோயமுத்தூரில் நூல் வியாபாரம் செய்கிறவர். கணக்கில் புலி. சாப்பாட்டிலும் அந்த மிருகத்துக்கு இளைத்தவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் குடித்து முடித்ததும் அவர் தம்முடைய உத்தேசத்தை வெளியிட்டார்.

"மாப்பிள்ளை! கடல் மீனைக் கடலுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிடோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க. எங்க ஊருக்கு மீன் வந்து சேர்றதுக்குள்ள, அது கடலையே மறந்து போயிருதுங்க."

"பெரிய ஹோட்டலுக்குப் போகலாமே?" என்றேன்.

"ஹோட்டலுங்களா? எலும்பு எண்ணுற மாதிரி தட்டுல நாலு துண்டு வைப்பாங்க. அதுக்கு நான் கோயமுத்தூர்லயே இருந்திருப்பேனுங்களே!"

இவ்விடத்தில் சைவ உணவு கொள்ளும் நேயர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்திலும் இராயப்பேட்டைக்குக் கீர்த்தி உண்டு. 1938-ஆம் ஆண்டில் கிருஷ்ண ராவ் அவர்கள் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தது இந்தப் பேட்டையிலேதான். ஆனால் இன்று நாம் போகிற வழி வேறு. இலையில் விழுகிற பண்டத்தை விட்டுவிட்டு, பரிமாறுகிற கையை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். விரதத்துக்குப் பங்கம் வராது.

ஐஸ் வந்த வழி

டாக்டர் பெசன்ட் சாலை வழியாக நடந்தே கடற்கரைக்குப் போனோம். சாலை முடிகிற இடத்தில், வட்டமான முகப்போடு ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் பழைய சென்னைக்காரர்கள் அந்தப் பிரதேசம் முழுவதையும் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்லுகிறார்கள். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மேல்நாட்டு வெற்றி யாத்திரையை முடித்துக்கொண்டு திரும்பிய சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி அம்மாள் இளம் விதவைகளை வைத்துப் படிக்கச் செய்த விடுதியும் இங்கே இருந்தது.

"அதுக்கெல்லாம் முன்னால?" என்று கேட்டார் மைத்துனர்.

அதற்கெல்லாம் முன்னால், 1840-களில், இது உண்மையாகவே ஐஸ் வைக்கும் கிடங்காக இருந்தது. பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, தமது நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். மாதக்கணக்கில் பிரயாணம் செய்து, கரைந்தது போக மிஞ்சியது இந்தக் கரையில் இறங்கியது. துரைமார்களுடைய பானம் குளிர்வதற்காக இவ்வளவு ஏற்பாடு! பிறகு இயந்திரத்தில் ஐஸ் செய்யும் வித்தை வந்தது. டியூடருடைய வியாபாரமும் ஐஸைப் போலவே கரைந்து போயிற்று.

மைத்துனர் கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "பாதி கரைஞ்சு போற சரக்கு! கட்டுபடி ஆச்சுங்களா?" என்றார்.

இந்த "கட்டுபடி" என்னும் சொல் அன்று முழுவதும் எங்களோடு கூடவே வந்தது.

ஒரு பழைய கையெழுத்து

அங்கிருந்து ஓர் ஆட்டோ ரிக்ஷாவில் ஏறித் தெற்கே போனோம். இராணி மேரிக் கல்லூரியைத் தாண்டினோம். கலங்கரை விளக்கத்தையும் தாண்டினோம். விளக்கத்துக்கு அப்பால் பெரிய சாலை மயிலாப்பூர்ப் பக்கம் திரும்பிச் சாந்தோமுக்குப் போகிறது. கடலை ஒட்டி இன்னொரு சாலை பட்டினப்பாக்கம் வரையில் செல்லுகிறது. அதற்கு லூப் சாலை என்று பெயர். அதன் இரு பக்கமும் மீனவர் குப்பங்கள். அவற்றுள் பெயர் பெற்றது நொச்சிக்குப்பம்.

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு நான் தினந்தோறும் இந்தச் சாலை வழியாக மோட்டாரில் காரியாலயத்துக்குப் போய் வந்தேன். சாலையின் இரு ஓரங்களிலும் மீன் கூடைகள். குடையின் கீழே மீன் விற்கும் ஸ்திரீகள். வண்டியை நிறுத்திவிட்டு வஞ்சிரத்துக்குப் பேரம் பேசும் கனவான்கள். நான் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு, மனத்திற்குள்ளே திட்டிக்கொண்டு போவேன். எங்கள் பகுதியில் சில பேர் சேர்ந்து, "கடைகளை அப்புறப்படுத்தி வழி விட வேண்டும்" என்று ஒரு மனு எழுதினார்கள். அதில் பதினேழாவது கையெழுத்து என்னுடையது.

அந்த மனு எந்த மேஜையில் தூங்கிற்றோ, தெரியாது. ஆனால் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமே இந்த விஷயத்தைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. மாநகராட்சியார் கடைகளை அகற்ற வந்தார்கள். மீனவர்கள் சாலையிலே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அதன் பின்னர், 2024 ஆகஸ்டில், 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி இதே சாலையில் திறக்கப்பட்டது.

ஆட்டோ ரிக்ஷாவிலிருந்து இறங்கியதும் அங்காடியைத்தான் முதலில் சுற்றிப் பார்த்தோம். சங்கரா சிவந்து கிடந்தது. வவ்வால் வெள்ளித் தட்டைப் போல மின்னிற்று. கானாங்கெளுத்தியும் நெத்திலியும் குவிந்திருந்தன. மைத்துனர் ஒரு கடை விடாமல் விலை விசாரித்தார், ஒன்றும் வாங்கவில்லை. என் மனைவி மட்டும் என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "உங்க மனுவுக்கு வந்த பதில் நல்லாத்தான் இருக்கு, இல்லீங்களா?" என்றாள்.

நான் கடலைப் பார்த்தேன்.

படகுக்கும் அடுப்புக்கும் நடுவே

சாலையை விட்டு மணலில் இறங்கினால், இழுத்து வைத்திருக்கும் ஃபைபர் படகுகளுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. கடை என்றால், நான்கு மூங்கில், மேலே ஒரு நீலத் தார்ப்பாய், கீழே இரண்டு பெஞ்சு, ஒரு நீள மேஜை; அவ்வளவுதான். பெயர்ப் பலகை கிடையாது. பலகைக்கு என்ன அவசியம்? இரும்புக் கல்லில் மீன் விழுகிற ஓசையும், மிளகாயும் பூண்டும் கலந்த வாசனையுமே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகின்றன.

கடைக்கு உடையவளான அம்மாளுக்கு அறுபது வயது இருக்கலாம். எல்லாரும் "ஆயா" என்று அழைக்கிறார்கள். மகன் கல்லில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தான். மருமகள் இலை போட்டாள். கரண்டியை மட்டும் ஆயா வேறொருவர் கையில் கொடுப்பதில்லை.

"குந்துங்க தம்பி. நீ இப்டி காத்து வர்ற பக்கமா குந்து கண்ணு," என்று என் மனைவிக்கு இடம் காட்டினாள்.

முதலில் சோறு வந்தது. சோறு என்று இரண்டு எழுத்தில் சொல்லிவிட்டால் அதன் பரிமாணம் விளங்காது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வடிக்கிற சோற்றை ஆயா ஒரே இலையில் வைத்தாள். அதன் உச்சியில் கரண்டியின் பின்புறத்தால் ஒரு குழி செய்து, மண்சட்டியிலிருந்து குழம்பை ஊற்றினாள். புளியும் மிளகாயும் மாங்காயும் ஒன்றையொன்று ஜயிக்கப் பார்த்து, முடிவில் மூன்றும் சமாதானமாகப் போய்விட்ட குழம்பு அது. குழம்போடு நெத்திலி ஒரு கை அளவு வந்து விழுந்தது. அதற்குத் தனி விலை கிடையாது.

பிறகு வறுவல். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வஞ்சிரத் துண்டு. ஒரு முழுச் சங்கரா. மைத்துனருக்கு மாத்திரம் கடம்பாவும் எறாத் தொக்கும். மேலே மசாலா மொறுமொறுப்பாகவும், உள்ளே சதை வெண்மையாகவும் இருந்தது. அன்று விடியற்காலையில் அலைக்கு அப்பால் இருந்த மீன் பகல் ஒரு மணிக்கு இலையில் இருந்தது. இதைப் பற்றி அதிகம் எழுதினால் சைவ நேயர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி தவறிவிடும். ஆகையால் நிறுத்திக்கொள்கிறேன்.

இலை காலியாவதற்கு முன்பே ஆயா கரண்டியோடு வந்து நின்றாள். "போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டினேன். கைக்கும் இலைக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு கரண்டி சோறு வந்து விழுந்தது.

"இன்னாத்துக்குப் போதும்? உப்புக் காத்துல குந்தினா பசிக்கும் தம்பி."

பக்கத்துப் பெஞ்சில் ஒரு கட்டிட வேலைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் வறுவல் ஒன்றும் வாங்கவில்லை. வெறும் சோறும் குழம்புந்தான். அவருடைய இலையிலும் அதே மலை, அதே குழி, அதே நெத்திலி. அவருக்கு மூன்றாவது தடவையாகச் சோறு வைத்தபோதும் ஆயாவின் கரண்டி சிறியதாகிவிடவில்லை.

கட்டுபடியாகும் கணக்கு

மைத்துனரால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க ஆயா, இப்படி அள்ளி அள்ளிப் போட்டீங்கன்னா கட்டுபடி ஆகுங்களா?"

ஆயா சிரித்தாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல அந்த வியாபாரிக்குக் கணக்கைச் சொன்னாள். மீன் காலையில் படகிலிருந்து மணலில் இறங்கும்போதே வாங்கிவிடுகிறாள். ஐஸ் செலவு இல்லை. வண்டிக் கூலி இல்லை. பெரிய மீன் வறுவலுக்குப் போகிறது, அதற்குத்தான் விலை. தலையும், பொடி மீனும், வலையில் நசுங்கியதும் குழம்புக்கு. ருசி அதிலேதான் இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பார் இல்லை. வறுவலில் வருகிற லாபம் சோற்றில் போகிறது. போனது போக வீட்டுச் செலவுக்கு மிஞ்சுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில், மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் தடை. அப்போது சிறு படகுகளில் வருவதுதான் மீன். வஞ்சிரத்தின் விலை வானத்துக்குப் போய்விடும். அந்த நாட்களில் ஆயா வறுவல் துண்டின் கனத்தைக் குறைத்துவிடுவாள். சோற்றைக் குறைப்பதில்லை.

"அதை ஏன் குறைக்கறதில்லீங்க?"

"இன்னாண்ணா இப்டிக் கேக்கற! வலையை இழுக்கறப்போ, வழியில போறவன் ஒருத்தன் வந்து கயித்தைப் புடிச்சான்னு வச்சுக்க. அவன் கையில ரெண்டு மீனு போடாம அனுப்புவமா? படவுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. வந்து நின்னவனுக்கும் ஏதாச்சும் உண்டு. எங்கம்மா அப்டித்தான் சொல்லிக் குடுத்துச்சு. சோத்தை எண்ணிப் போட்டா வலை காலியா வருமாம்."

மைத்துனர் வாயடைத்துப் போனார். நூல் வியாபாரத்தில் இந்த மாதிரிச் சித்தாந்தத்தை அவர் கேட்டதில்லை.

பேச்சு அங்கிருந்து கடைகளை அகற்றிய நாட்களுக்குப் போயிற்று. கிராண்ட் டஃப் கவர்னர் 1884-இல் உலாவும் சாலை போட்டு, அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அதற்கு மிக முந்தியே, 1639-இல் கம்பெனியார் இந்தக் கரையில் இடம் வாங்கியதற்கும் முன்பே, இங்கே கட்டுமரங்கள் இருந்தன. ஆனால் நகரத்தார் கடற்கரையை அழகு செய்ய வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம், முதலில் கண்ணில் உறுத்துவது வலையும் படகுந்தான். 1985-ஆம் ஆண்டில் அவற்றை அப்புறப்படுத்த முயன்றபோது கலகம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சமுத்திரமே பொங்கி வந்தது. ஆயா இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தவள்.

"இந்த ரோடு இருக்குதே, இது எங்க வலை காய்ஞ்ச மணலு," என்றாள். "2023-ல கடையைத் தூக்கினப்போ நானும் போயி ரோட்டுல குந்தினேன். யாரோ பெரிய வூட்டுக்காரங்க எழுதிக் குடுத்தாங்கன்னு பேசிக்கிட்டாங்க."

மைத்துனர் ஆவேசத்துடன், "அந்த மனுசங்க ஒருநாள் இங்க வந்து சாப்பிட்டிருந்தா எழுதியிருப்பாங்களா?" என்றார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சங்கராவின் முள்ளை எடுப்பதில் கண்ணாக இருந்தாள்.

என் வாயில் இருந்த கவளம் உள்ளே போக மறுத்தது. இந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் ஒருவர் கையால் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட பிறகு, அப்படி இருந்துவிடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

"ஆயா, எங்க தெருவுல அப்படி ஒண்ணு எழுதினாங்க. அதுல நானும் கையெழுத்துப் போட்டேன்," என்றேன்.

மகன் கல்லிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். மருமகள் இலையோடு நின்றாள். மைத்துனர் தாம் சற்றுமுன் சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முயன்றார். ஆயா என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உன்னையும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. ஆஸ்பத்திரி வண்டி போறதுக்கு வழி வேணுந்தான். ஒருதபா எங்க குப்பத்துப் பொண்ணுக்கு வலி எடுத்தப்போ, இந்தக் கூட்டத்துலதான் வண்டி நின்னு போச்சு. நீ எழுதினதுல நாயம் இல்லாமப் போவல. இன்னா ஒண்ணு, எழுதறதுக்கு முன்ன வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இடம் குடுங்க, நாங்களே உள்ள போயிடறோம்னு அப்பவே சொல்லியிருப்போம்."

சொல்லிவிட்டு மண்சட்டியின் பக்கம் திரும்பினாள்.

"சோறு ஆறுது. குழம்பு ஊத்தட்டா?"

என்னுடைய உத்தரவுக்கு அவள் காத்திருக்கவில்லை. கரண்டி நிறையக் குழம்பு வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. சோற்றை எண்ணிப் போடாத கை, நியாயத்தையும் எண்ணிப் போடவில்லை. எதிர்க்கட்சிக்கும் ஒரு பங்கு வைத்துத்தான் பேசிற்று. எங்கள் மனுவில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

பணம் கொடுக்கும்போது மைத்துனர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எறாத் தொக்குக்கு விலை சேரவில்லை என்று கண்டுபிடித்து, நாணயஸ்தராகையால் அதைச் சொன்னார். ஆயா, "அது முத தபா வந்தவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த இலையைப் பார்க்கப் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தூக்கு நிறையக் குழம்பை மருமகள் என் மனைவியின் கையில் கொடுத்தாள். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது அவர்களுடைய சித்தாந்தம். மறுநாள் காலையில் இட்டிலியோடு சாப்பிட்டுப் பார்த்ததில் அது உண்மை என்று தெரிந்தது.

திரும்பி வருகிறபோது மைத்துனர் வெகுநேரம் பேசவில்லை. ஐஸ் ஹவுஸைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, அந்த அமெரிக்காக்காரன் வியாபாரம் ஏன் படுத்துச்சுன்னு இப்பத் தெரியுதுங்க."

"ஏன்?"

"சரக்கு கரையுதுங்கிற பயத்துலயே இருந்திருப்பான். இந்தம்மா தானே கரைச்சு ஊத்தறாங்க. சட்டி அப்படியே நிறைஞ்சு இருக்குதுங்களே!"

இது சரித்திரப்படி சரியான காரணம் அல்ல. ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் போவது உசிதம். காலை ஆகாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டியை அங்காடியிலேயே நிறுத்திவிடுங்கள். சாலையில் நிறுத்தினால் யாராவது மனு எழுதுவார்கள். குழம்புக்கு ஒரு தூக்கு கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆயாவிடம் "போதும்" என்று சொல்ல வேண்டியிருந்தால், பசி பாதி அடங்கும்போதே சொல்லத் தொடங்குங்கள். கடற்கரைவாசிகளைப் பற்றி ஏதாவது விண்ணப்பம் எழுதும் உத்தேசம் இருந்தால், அதைச் சாப்பிட்ட பிறகு எழுதுங்கள்.

எங்கள் வீட்டுத் தூக்கு இன்னும் திரும்பிப் போகவில்லை. வெறும் தூக்கைக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி சொல்லுகிறாள். அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்பதுதான் மூன்று நாட்களாக எங்கள் வீட்டில் ஆலோசனை.